பள்ளிவாசலில் அறிவித்த பிளாஸ்மா

நீரிழிவு என்னும் சீனி வருத்தத்தால் என் வலது கால் பெருவிரலில் வந்த புண் ஆறவில்லை. விரலை எடுத்துவிடுவதே பாதுகாப்பு என்றார் எங்கள் ஆஸ்பத்திரி டொக்டர். நான் ஒப்பவில்லை. கொழும்பில் இன்னொருவரிடம் போனேன். கிருமி எலும்புக்கு இறங்கவில்லை, இரத்த ஓட்டமும் இருக்கிறது, பிளாஸ்மா கொடுத்துப் பார்ப்போம், கேட்காவிட்டால் வெட்டத்தான் வேண்டும் என்றார் அவர்.

வீட்டில் பிளாஸ்மா என்று சொன்னதுதான் தாமதம். டெங்குக் காலத்தில் ஊரே கற்றுக்கொண்ட சொல் அது; இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் மஞ்சள் நீர். மனைவியின் தம்பி வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும், பிளாஸ்மா கொடுக்க ஆள் தேவை என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிக்கச் செய்துவிட்டார். புண்ணோடு வீட்டிலேயே கதிரையில் இருந்து தொழுத நான், ஸலாம் கொடுத்துத் திரும்பினால் வாசலில் பதினொரு சோடிச் செருப்பு.

"என்ன குறூப் ரெத்தம் சேர்?" என்று ஒரு லொறிக்காரர் சட்டைக் கையைச் சுருட்டினார்.

"ரெத்தம் இல்ல தம்பி. இது வேற பிளாஸ்மா. வாயுவுக்குள்ள கரண்டப் பாய்ச்சினா அது ஒளிருமே, அது. டியூப் லைட்டுக்குள்ள எரியிறதும் அதுதான். டொக்டர் வெச்சிருக்கிறது சுடாது, புண்ணுல உள்ள கிருமியக் கொல்லும்."

"அப்ப நம்மட டியூப் லைட்டுல கால வெச்சிக்கிட்டு இரிங்களே!" என்றாள் மனைவி குசினியிலிருந்து. "பஸ் காசாவது மிஞ்சும்."

பதினொரு பேரும் சிரித்தார்கள். மைத்துனரின் வெட்கம் கோபமாகியது.

"வெளிச்சம் புண்ண ஆத்துமா மச்சான்? எடுத்துட்டு நிம்மதியா இரிங்க. ஒரு விரல்தானே?"

"உங்கட விரல நீட்டிக்கிட்டு அதச் சொல்லுங்க," என்றேன். "அல்லாஹ் எண்ணித்தான் பத்துத் தந்தான். எல்லா வழியும் அடைபட்டா நானே போய்ப் படுக்கிறன். அதுக்கு முந்தி ஒருத்தரும் என்ட கால்ல கத்தி வைக்க ஏலா."

வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினோம்.

அடுத்த கிழமை மனைவியும் கூடவே கொழும்புக்கு வந்தாள். பேனா அளவு கருவி. அதன் நுனியில் ஊதா நிறத்தில் ஒரு சின்னச் சுடர். டொக்டர் அதைப் புண்ணின் மேல் மெல்ல நகர்த்தினார்.

"சுடுதா?" என்றாள்.

"இல்ல. ஆரோ ஊதுற மாதிரி இரிக்கி."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

நாலு தடவை போய் வந்துவிட்டோம். புண் சுருங்கியிருக்கிறது, மூடவில்லை. டொக்டர் அளந்ததை வீட்டில் அடிமட்டம் வைத்து நானும் அளக்கிறேன். ஒரு மில்லிமீற்றர் பிசகினாலும் அடுத்த முறை அவரோடு சண்டைதான். "எப்ப வெட்டுறாங்களாம்?" என்று மைத்துனர் இன்னும் கேட்டு வருகிறார். காலை முக்காலியில் தூக்கி வைத்து, முதலில் எண்ணிப் பாருங்கள் என்கிறேன்.