நோட்டீஸ் வந்த அரை மணி நேரம்

யாங்கோனில் விமானிகளுக்குத் தகவல் சொல்லும் ஓர் அறையில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். வழியில் மழையா, காற்று எப்படி, இறங்கப்போகும் ஊரில் ஓடுபாதை திறந்திருக்கிறதா என்பதையெல்லாம் கிளம்புமுன் சொல்லி அனுப்புவது எங்கள் வேலை. நான் சேர்ந்தபோது பெரிய விமானங்களின் விமானிகளும் நேரில் வந்து, சுவரிலிருந்த வரைபடத்தின் முன் நின்று கேள்வி கேட்பார்கள். இப்போது அவர்களுக்கு எல்லாம் கைக்கணினியிலேயே போய்விடுகிறது. சின்ன விமானம் ஓட்டுகிறவர்கள்தான் இன்னும் படியேறி வருகிறார்கள்.

நான் வேலை கற்றுக்கொண்ட நாளிலிருந்து பக்கத்து மேசையில் ஓர் அம்மாள் இருந்தார். அப்பா தமிழர், அம்மா பர்மியர். எல்லோரையும் போல நானும் அவரை ‘மமா’ என்றே கூப்பிடுவேன். பர்மிய மொழியில் அக்கா. அறையில் நாங்கள் இருவர்தான் தமிழ் பேசுவோம். அவருடைய தமிழில் பாதி பர்மியச் சொற்கள்.

ஒரு மழைக்காலக் காலையில் மமா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“தம்பி, பல்லு உயிர் போவுது. முன்னாடி இருக்கற கிளினிக்குக்குப் போயிட்டு அரை மணியில வந்துர்றேன். என் மேசையப் பாத்துக்க.”

“போயிட்டு வாங்க மமா, நான் இருக்கேன்” என்றேன்.

பணி நேரத்தில் மேசையை விட்டுப் போகக்கூடாது. அதனால் வெளியே போனதாக அவர் ஏட்டில் எழுதவில்லை. நானும் எழுதச் சொல்லவில்லை.

அவர் போன சிறிது நேரத்தில் அவர் மேசையில் தகவல் வரும் இயந்திரத்தில் ஒரு நோட்டீஸ் வந்தது. சத்தம் கேட்டது. நான் முந்தின நாள் கால்பந்து ஆட்டத்தின் கோல்களைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். முடியட்டும் என்று இருந்துவிட்டேன். அதற்குள் விமானி ஒருவர் வந்தார். வடக்கே ஒரு சின்ன ஊரிலிருந்து நோயாளி ஒருவரை ஏற்றிவர வேண்டும் என்றார். வானிலைத் தாளைக் கொடுத்தேன்.

“புதுசா ஏதாவது இருக்கா, ஸயா?” என்று பர்மிய மொழியில் கேட்டார். ஸயா என்றால் ஐயா.

“ஒண்ணும் இல்ல” என்றேன், தலையைத் தூக்காமலே.

அவர் இறங்கப்போகும் ஓடுபாதையில் பழுதுவேலை தொடங்கிவிட்டது என்பதுதான் அந்த நோட்டீஸ்.

இறங்கும்போது ஓடுபாதையில் ஆட்களையும் ரோலரையும் பார்த்து அவர் விமானத்தை மேலே தூக்கிவிட்டார். இரண்டு முறை வட்டமடித்து, வேறோர் ஊருக்குப் போய் இறங்கினார். நோயாளியைக் காரில் பல மணி நேரம் பயணம் செய்து அந்த ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பிழைத்துவிட்டதாகக் காதில் விழுந்தது. உறுதியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்குத் துணிவு வரவில்லை.

மறுநாள் மேலதிகாரி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். நோட்டீஸ் வந்தது மமாவின் மேசைக்கு. ஏட்டில் இருந்ததும் அவர் கையெழுத்துதான்.

“அந்த நேரத்துல மேசையில யாரு இருந்தது?”

மமா என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவைதான். நான் தரையைப் பார்த்தேன்.

“நான்தான்” என்றார்.

அடுத்த வாரமே அவரைப் பழைய காகிதங்கள் வைக்கும் பின்னறைக்கு மாற்றினார்கள். அங்கே சில மாதங்கள் இருந்தார். பிறகு வேலையை விட்டுவிட்டார். நடுவில் எத்தனையோ தடவை நடைவழியில் எதிரே வந்திருக்கிறார். “சாப்பிட்டியா தம்பி?” என்றுகூடக் கேட்டிருக்கிறார். அப்போதெல்லாம் வாய் திறந்திருக்கலாம்.

ஒரு வருடம் கழித்து, யாங்கோனிலேயே லான்மடா பகுதியில் இருந்த அவர் வீட்டுக்குப் போனேன். மூன்றாம் மாடியிலிருந்து தெருவரை தொங்கிய கயிற்றை இழுத்தேன். மேலே மணி அடித்தது. இறங்கி வந்தவர் என்னை மாடிக்குக் கூப்பிடவில்லை. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

“எனக்குத் தெரியாததயா சொல்ற?” என்றார். “நீ சொல்லுவ சொல்லுவன்னு அந்த ரூம்ல நின்னேன். இப்ப என்கிட்ட சொல்லி என்ன? அவங்ககிட்ட போய்ச் சொல்லு.”

மறுநாளே மேலதிகாரியிடம் போனேன். சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு வசதியாகப் போயிற்று.

“அந்த ஃபைலை மூடியாச்சு. இனிமே எதுக்குக் கிளறணும்? போய் வேலையப் பாருங்க.”

சரி என்று திரும்பி வந்துவிட்டேன். சாயங்காலம் மமாவுக்குப் போன் செய்து, சொல்லிவிட்டேன் என்றேன்.

“எழுதிக் குடுத்தியா?”

“இல்ல மமா. வேணாம்னுட்டாங்க.”

“சரி தம்பி” என்று போனை வைத்துவிட்டார்.

அவர் மேசையில் இப்போது நான் உட்கார்ந்திருக்கிறேன். எழுதிக் கொடுக்க ஒரு பக்கம் போதும். இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறவன், அந்த ஒரு பக்கத்தை இன்னும் எழுதவில்லை.