வாவித் தண்ணீரில் கழுவிய லொறி

என் ஸ்கூட்டி இன்று கிளம்பாமல் கிடந்தது. மெக்கானிக் பற்றரியிலிருந்து இரும்புச் சட்டத்துக்குப் போகும் எர்த் வயரைக் கழற்றி நீட்டியபோது, பச்சை பூத்த நுனியிலிருந்து வந்த உப்பு வாடை, இப்போது மண் நிரப்பி மதில் கட்டிவிட்ட ஏறாவூரின் உப்புநீர் வாவிக்கரைக்கு என்னை இழுத்துப் போனது.

அங்கேதான் வாப்பாவின் பழைய மீன் லொறி நிற்கும். ஒரு நாள் சாவியைத் திருப்பியதும் உறுமும். மறுநாள் மீன் ஏற்றிய பிறகு 'டக்' என்ற ஒற்றைச் சத்தத்தோடு அடங்கிவிடும். ஐஸ் உருகி வழிய, ஈ மொய்க்க, வாப்பா ஸ்டார்ட்டரைத் தட்டுவார், டீசல் பில்டரை மாற்றுவார், பற்றரியை மாற்றுவார், ஒன்றும் பலிக்காமல் ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொள்வார். கண்ணூறு என்று உம்மா ஓதிய தண்ணீர் தெளிப்பார். "நாமதான் லொறிய வடிவாக் கவனிக்கல்ல மகள்," என்று சொல்லி, வாப்பா பின்னேரந்தோறும் வாவியிலிருந்து வாளி வாளியாக அள்ளி லொறியின் அடியெல்லாம் கழுவுவார். கிளம்பாத நாட்கள் கூடக் கூட, கழுவுவதும் கூடியது.

"உப்புத் தண்ணியிலயா கழுவுறீங்க, ராத்தா?" என்றார் மெக்கானிக், என் ஸ்கூட்டியின் வயரைத் திருப்பிக் காட்டி. "அது எர்த் வயர அரிச்சுத் திண்டிரும். ஒரு நாள் ஓடும், ஒரு நாள் ஓடாது."

பழைய இரும்புக்காரர் லொறியைக் கட்டி இழுக்க வந்த அன்றும், அழுக்கோடு போகக் கூடாதென்று, வாப்பா அதை வாவித் தண்ணீரில்தான் கழுவிக் கொடுத்தார்.