வாலுக்கும் அடித்த ஆரஞ்சு

அத்தான் கேட்டது இறக்கையின் அடியில் இரண்டு ஆரஞ்சுப் பட்டைகள் மட்டும்தான். வாலுக்கும் சேர்த்து அடித்தது என் ஆசை.

அத்தான் என் அக்காவின் கணவர்; பக்கத்து வீடுதான். தூத்துக்குடி துறைமுகத்தில் எலெக்ட்ரிக்கல் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். ரிமோட்டில் பறக்கும் சிறு விமானங்களை வீட்டிலேயே செய்வார். லேசான மரக்குச்சிகளால் எலும்புக்கூடு. அதன்மேல் இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் ஒட்டி விறைத்து நிற்கும் பிளாஸ்டிக் படலம். இந்த விமானத்துக்கு அடர்நீலப் படலம். வலது கண்ணில் புரை எடுத்த பிறகு அவர் பறக்கவிட இருந்த முதல் விமானம் இது. மேலே போனால் வயிறு எது, முதுகு எது என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் பட்டைகள். இடது கண்ணுக்கும் ஆபரேஷன் வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "மொதக் கண்ணு எப்படி இருக்குன்னு வானத்துல பாத்துட்டுச் சொல்லுதேன்" என்று அத்தான் தள்ளிப்போட்டிருந்தார்.

நான் கல்லூரியில் வேதியியல் நடத்தியவன். பெயிண்டைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற நினைப்பு. அந்தப் படலத்தின் வழவழப்பில் எதுவும் பிடிக்காது. தண்ணீர் தொட்டு, நைசான உப்புத்தாளால் தேய்த்து, பளபளப்பைக் கொன்று, ஸ்பிரிட்டால் துடைத்த பிறகே அடிக்க வேண்டும். அத்தான் சொல்லியும் நான் தேய்க்கவில்லை. ஓரத்தில் ஒட்டிய டேப்பை உரித்தபோது பெயிண்டும் கூடவே வந்தது. என் வீட்டுக்குப் பலகாரம் கொண்டுவந்த அக்கா பார்த்துவிட்டாள்.

"ஏலே, காலேஜ்ல பாடம் எடுத்தவன் அடிச்ச பெயிண்டு வாழப்பழத் தோலு மாதிரில்லா உரியுது! ஒங்க அத்தான் பாத்தா ஒன் சர்டிபிகேட்டக் கேப்பாவ."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. இந்த முறை முறையாகத் தேய்த்தேன், துடைத்தேன். நீலம் அடியிலிருந்து தெரிந்தது. வெள்ளை அடித்து மறைத்தேன். அதன்மேல் ஆரஞ்சு, போதவில்லை என்று மறுபடியும் ஆரஞ்சு. இறக்கை ஜொலித்தது. வால் மட்டும் நீலமாகத் தனித்து நின்றது கண்ணை உறுத்தியது. அதற்கும் முழுக்க அடித்தேன்.

சாயங்காலம் இறக்கையின் அடியில் இரண்டு விரல் நுனி கொடுத்துத் தூக்கிப் பார்த்தேன். பாலன்ஸ் சரியாக இருந்தால் மூக்கு கொஞ்சம் தாழ வேண்டும். வால் தாழ்ந்தது. பெயிண்டின் கனம். இப்படியே பறந்தால் மூக்கு தூக்கிக்கொண்டு கவிழும் என்பது எனக்குத் தெரியும். தூண்டிலுக்குப் போடும் ஈயத்தை மூக்கில் வைத்தால் சரியாகிவிடும். காலையில் வாங்கிக்கொள்ளலாம் என்று படுத்தேன்.

விடிந்ததும் அத்தான் வந்து நின்றார். கடல்காற்று எழும்புவதற்குள் பறக்கவிட வேண்டும் என்ற அவசரம். விமானத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"மாப்ளே, கப்பலுக்கு பெயிண்ட் அடிக்கவன் தோத்தான் போ!"

சொல்லிக்கொண்டே இறக்கையின் அடியில் விரலைக் கொண்டுபோனார்.

"தொடாதீங்க அத்தான். இன்னும் முழுசாக் காயல, விரல் பதிஞ்சிரும்."

"பாலன்ஸ் பாக்கணும்லா?"

"நேத்தே பாத்துட்டேன். சரியா இருக்கு."

அவர் விரலை எடுத்துக்கொண்டார். என் வார்த்தையை நம்பி எடுத்தார்.

வேம்பார் ரோட்டில் காரை நான்தான் ஓட்டினேன். உப்பளங்கள் தாண்டும்வரை அத்தான் கண் டாக்டரைப் புகழ்ந்துகொண்டு வந்தார். இப்போது சொல்லிவிடலாம், அடுத்த வளைவில் சொல்லலாம் என்று நினைத்தேன். அக்கா சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்தது. சொல்லவில்லை. பொட்டலில் இறங்கி விமானத்தை மண்ணில் வைத்தேன். அப்போதும் நேரம் இருந்தது.

விமானம் கொஞ்ச தூரம் ஓடி எழும்பியது. மூக்கு நிமிர்ந்தது. நிமிர்ந்துகொண்டே போனது. அத்தான் உதட்டைக் கடித்தபடி, மூக்கைத் தாழ்த்த ரிமோட்டின் குச்சியை முன்னால் தள்ளினார். அது தலைகுப்புற இறங்கி, மீண்டும் வெறிபிடித்த மாதிரி மேலே ஏறியது. ஆரஞ்சுப் பட்டைகளோடு வயிறு முழுசாக எங்களைப் பார்த்தது. ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தது. படலத்துக்குள் குச்சிகள் முறியும் சத்தம் நாங்கள் நின்ற இடம்வரை கேட்டது.

"கை பிந்திட்டு மாப்ளே" என்றார் அத்தான். "கண்ணு சரியாச் சொல்லல."

"காத்து தூக்கிட்டு அத்தான்."

"எங்கவே காத்து? அந்த ஒடமரத்துல ஒரு எல அசையல."

அதன்பிறகு அவர் ரிமோட்டைத் தொடவில்லை. பைக் சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டார். வீட்டுக்குள்ளேயே சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்தார். நான் அடிக்கடி போய்ப் பார்த்தேன்; கிரிக்கெட்டைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன். ஒரு நாள் அக்கா போனில் அழுதாள்.

"இடது கண்ணுக்கு ஆபரேஷன் வேண்டாங்காவ. புரை எடுத்த கண்ணே பிரயோசனம் இல்ல, இன்னொண்ணு எதுக்குன்னு கேக்காவ. நீ வந்து ஒரு வார்த்த சொல்லுலே. நீ சொன்னாக் கேப்பாவ."

போனேன். உட்காராமலே சொன்னேன்.

"வால்ல கனம் கூடிப்போச்சு அத்தான். பெயிண்டால. எனக்கு முந்துன நாளே தெரியும்."

அவர் திரும்பவில்லை. "நான் விரல் வைக்க வந்தேம்லா. அப்பமும் தெரியும்?"

"தெரியும்."

"மூக்கு தூக்குனத நான் பாத்தேன். குச்சியத் தள்ளுனேன். தள்ளுனேனா இல்லியா?"

"தள்ளுனீங்க. நேரத்துக்குத் தள்ளுனீங்க."

அக்கா அடுக்களை வாசலுக்கு வந்து நின்றாள்.

"நான் செவுத்தப் புடிச்சி நடந்துக்கிட்டு இருக்கேன்" என்றார் அத்தான் மெதுவாக. "நீ எதுத்தாப்புல இருந்து காப்பி குடிச்சிட்டுப் போயிருக்க."

அக்கா நின்ற பக்கம் திரும்பினார்.

"ஏளா, ஆஸ்பத்திரிக்குப் போன் போடு. தேதி கேளு." பிறகு என்னைக் காட்டிச் சொன்னார்: "இவன் வர வேண்டாம்."

முதல் ஆபரேஷனுக்கு அவரைக் காரில் கூட்டிப்போனவன் நான். இந்த முறை ஆட்டோ வந்தது. என் வீட்டு ஜன்னலில் நின்று பார்த்தேன். அக்கா கையை நீட்டினாள். அதைப் பிடிக்காமல் அத்தான் தானாகவே ஏறி உட்கார்ந்தார்.