கோட்டை அணியும் ரயில்வே அணியும்

செருப்புத் தைக்கும் கடையில் நனைந்த தோலின் வாடை அடித்ததும் மைசூரில் எங்கள் ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் இருந்த மைதானம் நினைவுக்கு வந்தது. மகாராஜா காலத்தில், கொழுப்பு தடவிய தோல் பந்து மழைச் சேற்றில் ஊறிக் கனத்து, உதைக்கும்போதெல்லாம் பொத்தென்று சத்தம் எழுந்த இடம்.

அப்பா ரயில்வே அணியின் கேப்டன். அம்மாவின் தம்பி ராமு மாமா, ஜென்மப் பகையாளிகளான, கோட்டைப் பக்கத்துக் கன்னடக்காரர்களின் கோட்டை அணியில் ஆடினார். அம்மா அடுப்படியிலிருந்தே ஆட்டத்தைக் கேட்பாள். ஆரவாரம் கன்னடத்தில் எழுந்தால் கோட்டைக்குக் கோல், தமிழில் எழுந்தால் எங்களுக்கு. யார் தோற்றாலும் ஞாயிறு இரவு இருவருக்கும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு.

ஒரு மழைநாளில் பந்தைத் தடுக்கப் பாய்ந்த அப்பாவின் கால் பட்டு மாமாவின் முழங்கால் முறிந்தது. அதன்பின் அப்பா மைதானத்துப் பக்கமே போகவில்லை. சில மாதங்கள் கழித்து மாமா விந்தி விந்தி வந்து வாசலில் நின்றார்.

“என் ஆட்டம் முடிஞ்சுது, பரவாயில்ல. நீங்க வாங்க மச்சான். நீங்க இல்லாம எங்க பசங்க யாரை ஜெயிக்கிறது?”

“உள்ள வா, சாப்பிடு” என்றார் அப்பா. மைதானத்துக்கு மட்டும் அவர் திரும்பவே இல்லை.

அவர் இல்லாத ரயில்வே அணி கலைந்தது. மோத ஆளில்லாமல் கோட்டை அணியும் சோர்ந்து மறைந்தது. மைதானத்தில் இப்போது வீடுகள். மாமாவுக்காக அப்பா ஒரே ஒரு ஞாயிறு ஆடியிருக்கலாம்.