முழுப் பெயர் சொன்னால்தான் வரும்

தேன்கனிக்கோட்டை மேகலாவுக்குக் கோபம் மூக்கு நுனியில். ஆனால் சிரிக்க ஆரம்பித்தால் லேசில் நிறுத்த மாட்டாள். ஓசூரில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் ஆபீசில் வேலை. அம்மா மங்கம்மாவுக்குத் தொழிற்சாலையில் காலை ஷிஃப்ட்.

ரோட்டில் யானை இறங்கிவிட்டால் கம்பெனி பஸ் ஊருக்குள் வராமல் வேறு வழியாகப் போய்விடும். மங்கம்மா கால் கடுக்க நின்று ஏமாந்ததுதான் மிச்சம். “இன்னொரு வாட்டி லேட்டானா வீட்லயே நின்னுக்கம்மா” என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

விடுவாளா மேகலா? பஸ் எந்த வழியாக வருகிறது என்று போனில் காட்டும் வெப் பக்கம் ஒன்றை ஜாவாஸ்கிரிப்டில் எழுதினாள். ஆபீசில் ஜோராக ஓடியது. ஊரில் சிக்னல் சுத்த மோசம். பக்கம் இருந்த கனத்துக்கு அங்கே திறக்கவே இல்லை. சரி, கனம் குறையட்டும் என்று எல்லா ஃபைல்களையும் ஒன்றாகக் கட்டி, புரோகிராம் கோடில் உள்ள பெயர்களை ஓரெழுத்தாகச் சுருக்கும் கருவியில் போட்டாள். பக்கம் வெள்ளை வெளேரென்று வந்தது. போச்சுடா! அன்று மாலைதான் ஊர்ப்பக்கம் யானை நிற்பதாகச் செய்தி வேறு.

“மே! டீ ஆறுது, வா” என்றான் பக்கத்து சீட்டு அஜாஸ். அவள் திரும்பவில்லை.

“மே!”

“நான் என்ன ஆடாடா? முழுப் பேரச் சொன்னா வாய் வலிக்குதா உனக்கு?” என்று சீறியவள், அப்படியே நின்றுபோனாள். “அட, இதேதான்டா!”

அவள் கோடில் ஒவ்வொரு துண்டும், அதாவது ஃபங்ஷனும், தனக்கு வேண்டியதைப் பெயர் சொல்லித்தான் வரவழைக்கும். ‘பஸ் சர்வீஸ்’ சுருங்கி வெறும் ‘ஈ’ ஆகிப்போனால் எவன் வருவான்? மேற்கோள் குறிக்குள் இருப்பதை மட்டும் அந்தக் கருவி தொடாது. ஆளுக்குப் பாதி ஃபைலாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் பக்கத்தில் முழுப் பெயர்களை வரிசை மாறாமல் மேற்கோளுக்குள் எழுதினார்கள். மறுபடி சுருக்கினார்கள். பக்கம் இளைத்தும் இருந்தது, உயிரோடும் இருந்தது. மேகலா அஜாஸின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள், சந்தோஷத்தில்தான்.

மறுநாள் காலையில், செய்தியில் சொன்னபடியே யானை ரோட்டுக்கு வந்தது. பல் துலக்கிக்கொண்டிருந்தபோது அம்மாவின் போன்.

“எங்கம்மா நிக்கற?”

“எங்க நிக்கறது? ஜன்னல் சீட்டுல உக்காந்தாச்சு. பஸ் மேல் ரோட்டு வழியா வருதுன்னு போன்ல காட்டுச்சு, நம்ம ஸ்டாப் பொம்பளைங்க அத்தன பேரையும் அங்க இழுத்துட்டு வந்துட்டன். இன்னிக்கு கேட்டுல அந்த சூப்பர்வைசருக்கு மொத வணக்கம் என்னுதுதான்டி!”

வாய் நிறைய நுரையோடு மேகலா சிரித்த சிரிப்பில் கண்ணாடியெல்லாம் பேஸ்ட்.