அடித்தட்டில் கம்சிகா

ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட் பகுதியில் எங்களுக்கு மேல்வீடு யோகலிங்கத்தின் வீடு. இரண்டு பேருக்கும் ஒரே களஞ்சியத்தில் வேலை. ஒஸ்லோக் கடைகளுக்குச் சீடி அனுப்புவது என் பக்கம்; விற்காமல் திரும்பி வருவதைப் பிரித்து அடுக்குவது அவர் பக்கம். பதினொரு வருடம் அந்த மேசையில் நின்றவர். எந்தப் பாடகர் தேறுவார், எவர் தேறமாட்டார் என்று முதலாளிக்கே பாடம் எடுப்பார்.

2004இல் அவருடைய சொந்த மகளின் சீடிகளே அந்த மேசைக்குத் திரும்பி வரத் தொடங்கின.

கம்சிகா 'சோல்' என்ற மேலைநாட்டு இசை பாடுகிறவள். அவளுடைய முதல் சீடியையும் ஊன்னி என்ற நோர்வேஜியப் பெண்ணின் சீடியையும் ஒரே சிறிய கொம்பனி ஒரே மாதத்தில் வெளியிட்டது. ஒரே ஒலிப்பதிவுக்கூடம், ஒரே வாத்தியக்காரர்கள். வானொலியில் கம்சிகாவின் பாட்டைத்தான் அதிகம் போட்டார்கள். விற்றது என்னவோ ஊன்னிதான். ஒக்டோபருக்குள் விற்காவிட்டால் இரண்டாவது சீடி கிடையாது என்று கொம்பனி கம்சிகாவிடம் சொல்லிவிட்டது.

எங்கள் சனம் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தது. ஊன்னிக்குப் பொன்னிறத் தலைமுடி என்றார்கள். கர்நாடக சங்கீதம் படித்த தொண்டையில் சோல் ஏறாது என்றார் இராசதுரை மாஸ்டர்; அவர் இரண்டு சீடியையும் கேட்டதில்லை. யோகலிங்கத்தின் பயம் வேறு.

"குரலிலை என்னவோ குறை இருக்கு, ஐசே. அப்பன் எண்டபடியால் எனக்குக் கேக்குதில்லை" என்று என்னிடம் மட்டும் சொன்னார். அன்றைக்குச் சாப்பாட்டுப் பெட்டியை அவர் திறக்கவே இல்லை.

ஒரு சனிக்கிழமை இருவரும் நகரத்தில் ஒரு சீடிக் கடைக்குள் நுழைந்தோம். ஒரு நோர்வேஜிய அம்மாள் கம்சிகாவின் சீடி கேட்டுக்கொண்டிருந்தார். கடைக்காரப் பெண் K தட்டில் தேடிவிட்டுக் கையை விரித்தாள். போன கிழமையும் இதைத்தானே சொன்னீர்கள் என்று முணுமுணுத்த அம்மாள், வேறென்ன, ஊன்னியைத் தூக்கிக்கொண்டார்.

யோகலிங்கம் நேரே சோல் பகுதிக்குப் போய், முழந்தாளிட்டு, அடித்தட்டின் கடைசி மூலைக்குள் கையை விட்டார். Y தட்டு. உறை கிழியாத ஐந்து கம்சிகா வெளியே வந்தன.

அட்டையில் 'கம்சிகா யோகலிங்கம்' என்று இருந்தது. நோர்வேயில் கடைசிப் பெயரை வைத்துத்தான் அடுக்குவார்கள். நமக்கோ கடைசிப் பெயர் அப்பாவுடையது. வானொலிக்காரரோ வெறும் கம்சிகா என்றுதான் சொன்னார்கள்.

"அப்பா, என்ரை பேரை மட்டும் போடட்டோ?" என்று அவள் முதலிலேயே கேட்டவள். "பெத்தவன் குத்துக்கல்லு மாதிரி இருக்கேக்கை, அப்பன்ரை பேர் இல்லாமலோ?" என்று பாய்ந்தவர் இவர். பக்கத்தில் இருந்து தலையாட்டியவன் நான்.

ஆள் அழப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பிள்ளையின்ரை குரலிலை ஒரு குறையும் இல்லை, செபஸ்ரியன்! பிழை நான்தான்! நான் மட்டும்தான்!"

இவ்வளவு சந்தோஷமாகப் பழியைத் தலையில் போட்டுக்கொண்ட மனிதரை நான் கண்டதில்லை. எனக்கும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. கால் விறைத்துப் போய், என் தோளைப் பிடித்து எழும்பியவர், அந்த அம்மாளுக்குப் பின்னால் சீடியோடு ஓடினார்.

விஷயத்தைச் சொன்னதும், புதிய அட்டை அடிக்க நேரமில்லை, கடைசிப் பெயரின் மேல் ஸ்டிக்கர் ஒட்டுவோம் என்றது கொம்பனி. திரும்பிய பெட்டிகள் எல்லாம் இவர் மேசையில்தானே! இரண்டு கிழமையாக, 'யோகலிங்கம்' என்ற எழுத்துகளின் மேல் கறுப்பு ஸ்டிக்கரை ஒவ்வொன்றாக ஒட்டி, நகத்தால் அழுத்தித் தேய்த்தார்.

கம்சிகா வந்து பார்த்துவிட்டு, "அப்பா, உங்களுக்குக் கவலையில்லையோ?" என்று கேட்டாள்.

"தள்ளி நில்லு பிள்ளை, ஸ்டிக்கர் கோணுது."

அந்தப் பெட்டிகளை நான் கடைகளுக்கு அனுப்பினேன். ஒக்டோபர் முடியும் வரை ஒன்றுகூடத் திரும்பவில்லை. "ஐசே, இண்டைக்கும் எனக்கு வேலையில்லை" என்று சொல்லிக்கொண்டு தினமும் என் பக்கம் வந்து, கம்சிகாவைப் பெட்டியில் அடுக்க உதவினார்.