கப்பை வேகும் மணம்

மூர்க்கன் பாம்பு வாயைத் திறந்தால் கப்பை வேகிற மணம் வரும். மட்டாஞ்சேரியில் எங்கள் லைன் வீடுகளில் இது தெரியாத குழந்தை கிடையாது. தமிழ்நாட்டில் அதே பாம்பை நல்லபாம்பு என்பார்கள், அங்கே உருளைக்கிழங்கு மணம் என்று சொல்வதாகப் பிற்பாடு கேள்விப்பட்டேன். ஊருக்கு ஊர் பாம்பு தன் சமையலை மாற்றிக்கொள்கிறது போலும். எங்கள் ஊர்ப் பாம்புக்குக் கப்பைதான், அதாவது மரவள்ளிக்கிழங்கு. மணம் வந்தால் ஓடக்கூடாது, அசையக்கூடாது, மூச்சைக்கூட மெதுவாகத்தான் விடவேண்டும். மணம் போனபிறகு முகத்தைத் திருப்பாமல் பின்னோக்கி நடந்து வரவேண்டும். இதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததல்ல. பள்ளிக்கூடத்தில் படித்ததை நான் வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமையை அன்றைக்கும் மறைத்ததில்லை, இன்றைக்கும் மறைப்பதில்லை.

அப்பா பஜாரில் மூட்டை சுமந்தார். அம்மா பண்டகசாலையில் சுக்குப் பொறுக்கினாள். தாத்தா காலத்திலேயே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்துவிட்டோம் என்றாலும் அக்கம்பக்கத்தாருக்கு நாங்கள் பாண்டிகள்தான், தமிழரை இளக்காரமாக அங்கே சொல்கிற பேர். சண்டை வந்தால் அந்தச் சொல் சத்தமாக வரும், மற்ற நேரங்களில் சிரிப்போடு வரும்.

லைன் வீடுகளுக்குப் பின்னால் ஒரு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் சேட்டு வளப்பு. ஒரு வியாபாரிக் குடும்பத்தின் பழைய மாடிவீடும் அதைச் சுற்றிய தோட்டமும். அண்ணன் தம்பிகளுக்குள் வழக்கு நடந்து வீட்டைப் பூட்டிவிட்டுப் போனார்கள். ஆள் போனதும் தோட்டம் தன் இஷ்டத்துக்கு வளர்ந்தது. ரோஜாப் பாத்திகளில் தொட்டால்சிணுங்கி படர்ந்தது. கிணற்றுச் சுவரில் அரிப்பூச் செடி ஏறி, மஞ்சளும் ரோஸுமாகப் பூத்து, மிளகு மாதிரி கறுத்த பழம் தந்தது. செத்திச்செடிப் பழம் சிவந்து, கனிந்து, தொட்டால் கையோடு வந்தது. பச்சை வலைக்குள் உட்கார்ந்திருக்கும் பூச்சப்பழத்தைப் பிதுக்கினால் தவளை முட்டை மாதிரி ஒன்று வாயில் வழுக்கி இறங்கும், அதன் இனிப்பு வேறு எதிலும் கிடையாது. ஞொட்டாஞொடியன், அதாவது சொடக்குத் தக்காளிக் காயை நெற்றியில் அடித்து உடைப்போம். மூலையில் ஒரு லூவிக்கா மரம், பழம் ரத்தச் சிவப்பு, கடித்தால் ஒரு கண் தானாக மூடிக்கொள்ளும் புளிப்பு. கீரி ஒன்று குட்டிகளோடு வழியைக் கடக்கும். செம்போத்து புதருக்குள் உட்கார்ந்து, குடத்துக்குள்ளிருந்து கூப்பிடுவதுபோல் கூப்பிடும். கடையில் ஒரு மிட்டாய் வாங்க வழியில்லாத எங்களுக்கு அந்த வளப்பில் எதற்கும் குறைவில்லை. மதில் இடிந்த இடம் ஒன்று இருந்தது, அதுதான் எங்கள் வாசல்.

நான் நாலாம் வகுப்பில் இருந்தபோது, மழை விட்ட சமயத்தில், அம்மா திடீரென்று அந்த வாசலை மூடினாள்.

"உள்ளே காலு வெச்சா காலை ஒடிச்சிருவேன். மூர்க்கன் கெடக்கு அங்கே. நான் கண்ணால பாத்தேன்."

இதைக் கேட்டதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. முந்தின ஆடியில், கர்க்கடக மழையில்தான் எங்கள் வரிசைக் கடைசி வீட்டுப் பெண்ணைப் பாம்பு கடித்திருந்தது. என்னைவிட இரண்டு வகுப்பு மூத்தவள், ஞொட்டாஞொடியன் உடைப்பதில் எங்களில் கெட்டிக்காரி. அவளைப் பாயில் கிடத்தியிருந்தபோது உதடு நாவல்பழம் தின்றதுபோல் இருந்தது. அதற்கப்புறம் பல நாள் நாவல்பழத்தைக் கண்டாலே எனக்குக் குமட்டும்.

அம்மா எங்களைத் தடுத்ததோடு நிற்கவில்லை. தினமும் சாயங்காலம் குளித்து, ஈரத்தலையோடு, ஒரு செம்பில் பாலும் ஓலைக்கூடையில் பூவும் முட்டையும் மஞ்சளுமாக மதில் இடுக்கு வழியாக உள்ளே போய் வந்தாள். பம்பாய்க்கு வேலைக்குப் போன தம்பிக்கு, அதாவது என் மாமாவுக்கு, நல்லது நடக்கவேண்டும் என்று நாகத்துக்கு நேர்ந்துகொண்டாளாம். பாம்புக்குப் பால் ஊற்றுவது எங்கள் பக்கத்து வழக்கம் என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுச் சேச்சி மட்டும் சிரித்தாள். "பாம்புக்குப் பால், பிள்ளைகளுக்குப் பாலில்லாத கட்டன் சாயா. கொள்ளாம் நிங்களுடெ பக்தி!"

எனக்கு அவமானமாக இருந்தது. "பாம்பு பால் குடிக்காதும்மா. டீச்சர் சொன்னாங்க" என்றேன்.

"உங்க டீச்சர்கிட்ட பாம்பே வந்து சொல்லிச்சாக்கும்" என்று சொல்லிவிட்டு அம்மா செம்பை எடுத்துக்கொண்டு போனாள். அவள் திரும்பி வரும்வரை நான் மதிலருகே நின்று, மனசுக்குள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருப்பேன். அம்மா வராமலே போய்விடுவாள் என்ற பயம். அறிவியல் படித்தவள் என்பதால் அதை யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு சனிக்கிழமை. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். தங்கைக்கு ஐந்து வயது. மதிலுக்கு மேலே லூவிக்கா மரம் பழுத்துச் சிவந்து தெரிந்தது. அவள் காலையிலிருந்து அதையே பார்த்து அழுதாள். கடைசியில், பகலில் பாம்பு தூங்கும் என்று எனக்கு நானே ஒரு பாடம் சொல்லிக்கொண்டு, அவள் கையைப் பிடித்து உள்ளே போனேன்.

நாங்கள் வராத நாட்களில் எல்லாம் பழுத்துக் கிடந்தது. வழியிலேயே பூச்சப்பழம் தின்றோம், அரிப்பூப் பழம் தின்றோம். தங்கையின் நாக்கு ஊதாவானது. பயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. லூவிக்கா மரம் அந்தப் பூட்டிய வீட்டின் பின்சுவரை ஒட்டி நின்றது. தரையில் விழுந்த பழங்களைத் தங்கை பாவாடையில் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முழங்கால் உயரப் புல், வெறுங்கால்.

அப்போதுதான் அந்த மணம் வந்தது.

முதலில் லேசாக. அப்புறம் நன்றாக, சூடாக, உப்புப் போட்டு வேகவைத்த கப்பையின் மணம். என் உடம்பில் எல்லா மயிரும் நின்றது. "அசையாதே" என்றேன். வாயசைவுதான், சத்தம் வரவில்லை. தங்கை நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள், மூக்கை உறிஞ்சினாள், அவளுக்கும் தெரிந்துவிட்டது. பாவாடையைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அவள் தொடை வழியே மூத்திரம் இறங்குவது தெரிந்தது. அவளுக்குப் பின்னால் புல் ஒரு இடத்தில் அசைந்தது. கடைசி வீட்டுப் பெண்ணின் உதடு என் கண்முன் வந்தது. கடித்தால் என்னைக் கடிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன் என்று எழுத ஆசைதான். உண்மையில், யாரையும் கடிக்கவேண்டாம், என்னைக் கண்டிப்பாக வேண்டாம் என்றுதான் வேண்டிக்கொண்டேன். புல்லிலிருந்து செம்போத்து ஒன்று நடந்து வந்து எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது. மணம் மட்டும் போகவில்லை.

இப்போது சொல்லிவிடலாம். அங்கே யாரோ கப்பைதான் வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். பூட்டிய வீட்டுக்குள், மூடிய ஜன்னலுக்கு அந்தப் பக்கம், மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் முன்னால் என் மாமா குந்தியிருந்தார். அவர் பம்பாய்க்குப் போகவே இல்லை. துறைமுகத்தில் மாமாவைப்போல் யூனியன் வேலை பார்த்தவர்களைப் போலீஸ் வீடு வீடாகத் தேடிய காலம் அது. பிடித்துக்கொண்டு போனவர்களில் சிலர் நடந்து திரும்பவில்லை. அம்மாவின் ஓலைக்கூடையில் பூவுக்கும் முட்டைக்கும் அடியில் அரிசியும் கப்பையும் இருந்தன. அரசாங்கம் மாறி மாமா வெளியே வந்தபிறகு ஒருநாள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஜன்னல் இடுக்கில் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, கொதிக்கிற சட்டியை வெறும் கையால் மூடிக்கொண்டு மூச்சை அடக்கி நின்றாராம். சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்.

எவ்வளவு நேரம் நின்றோமோ. தங்கையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னோக்கி நடந்தேன். முதுகில் கொடி அடித்தது, காலில் தொட்டால்சிணுங்கி கிழித்தது. மதிலைத் தாண்டியதும் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதைக் கேட்டு லைன் முழுவதும் வெளியே வந்துவிட்டது.

"மூர்க்கன்! கப்பை மணம்! லூவிக்கா மரத்துக்கிட்ட!"

சேச்சி தன் பிள்ளைகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். பாம்பு கடித்துச் செத்துப்போன பெண்ணின் அப்பா தன் வீட்டுக்குள் போய் மண்ணெண்ணெய் டின்னோடு வந்தார். இனியொரு பிள்ளையைப் பறிகொடுக்க விடமாட்டேன் என்றார். நாலைந்து ஆண்கள் வெட்டுக்கத்தியும் கழியுமாகக் கூடினார்கள். தீ வைத்துப் புதரை அழித்துவிடுவது என்று முடிவாயிற்று.

அம்மா அப்போதுதான் வேலை முடிந்து வந்தாள். தலையிலும் கையிலும் சுக்குத் தூசி. கூட்டத்தைப் பார்த்தாள், டின்னைப் பார்த்தாள், ஓடிப்போய் மதில் இடுக்கில் குறுக்கே நின்றுகொண்டாள்.

"வேண்டாம் சேட்டா. நான் நேர்ச்சை வெச்சிருக்கேன். நாகத்துக்குத் தீ வெச்சா குடும்பம் அழிஞ்சு போகும்."

"என்றெ குடும்பம் அழிஞ்சு கழிஞ்சு" என்றார் அந்த அப்பா. அம்மாவால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனால் வழியைவிட்டு நகரவும் இல்லை.

எனக்கு அம்மாவை நினைத்துக் கூச்சமாக இருந்தது. ஒரு பாம்புக்காக இப்படிக் கையை விரித்து நிற்கிறாளே, எழுதப் படிக்கத் தெரிந்திருந்தால் இப்படி நிற்பாளா என்று நினைத்தேன்.

சத்தம் கேட்டுத் தெருவில் போன போலீஸ்காரர் ஒருவர் உள்ளே வந்தார். "எந்தா இவிடெ ஆள்க்கூட்டம்?" கூட்டம் கூடுவதே குற்றமாக இருந்த நாட்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பாம்பைச் சொன்னார்கள்.

"ஆரு கண்டது?"

"இந்தப் பாண்டிப்பெண்ணு. மணம் அடிச்சதாணு சாரே."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "மணமோ? கப்பை வேகுற மணம் வந்தா, உள்ளே யாரோ கப்பை வேகவைக்கிறாங்கன்னுதான் அர்த்தம். அது பாம்பொண்ணும் இல்லை." சிலர் சிரித்தார்கள். அவர் சிரிப்பை நிறுத்தி, மதிலுக்கு மேலே தெரிந்த பூட்டிய வீட்டை ஒருமுறை பார்த்தார். பிறகு லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அம்மாவைக் கையால் ஒதுக்கிவிட்டு, இடிந்த மதிலின் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்தார். "ஞான் ஒண்ணு நோக்கட்டே."

கூட்டத்தில் ஒருவர், "பாண்டிக்கு மூக்கு நீளம்" என்றார். மறுபடியும் சிரிப்பு.

அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. வகுப்பில் முதல் மார்க் வாங்குகிற என்னை, வெறும் மணத்துக்கு அலறின முட்டாள் என்று நினைத்துவிட்டார்களே!

"மணம் மட்டும் இல்லை. கண்டேன்" என்றேன்.

போலீஸ்காரர் திரும்பினார்.

"படம் எடுத்துச்சு. பின்னால கண்ணாடி மாதிரி அடையாளம் இருந்துச்சு. இத்தனை உயரம்." என் நெஞ்சுக்கு நேராகக் கையை வைத்துக் காட்டினேன். எல்லாம் அறிவியல் புத்தகத்துப் படம். யாரும் சிரிக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. ஆகவே இன்னும் கொஞ்சம் சேர்த்தேன். "ஒண்ணு இல்லை. ரெண்டு. ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு."

"ஈஸ்வரா, இணை!" என்றாள் சேச்சி கதவிடுக்கிலிருந்து.

போலீஸ்காரரின் கால் மதிலிலிருந்து இறங்கியது. இணையில் ஒன்றைக் கொன்றால் மற்றது தேடிவந்து கடிக்கும், வீட்டுக் கூரைக்குள்ளும் வரும் என்பதை அங்கே யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. தீ வைத்தால் ஒன்று செத்து ஒன்று தப்பிவிடலாம். தப்பினது யார் வீட்டுக்கு வரும்? கழிகள் தாழ்ந்தன. பெண்ணைப் பறிகொடுத்தவர் டின்னைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டைப் பார்த்து நடந்தார். மதில் இடுக்கைக் கல் வைத்து அடையுங்கள் என்று உத்தரவு போட்டுவிட்டு, போலீஸ்காரர் தன் பூட்ஸைத் தட்டிக்கொண்டு கிளம்பினார்.

அடுத்த நாள் விடியும் முன்பே மாமா வேறு பக்கமாக மதிலேறி, வள்ளத்தில் வைப்பின் தீவுக்குப் போய்விட்டாராம். ஆனால் அந்தச் சாயங்காலம் எனக்கு இதெல்லாம் தெரியாது. அடியைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா பொய்யைப் பொறுக்கமாட்டாள். சின்னப் பொய்க்கே தொடையில் கிள்ளு விழும். எந்தப் பொய்யையும் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். இன்றைக்கோ தடுத்த இடத்துக்குப் போயிருக்கிறேன், தங்கையையும் கூட்டிப் போயிருக்கிறேன், போலீஸ்காரரிடமே புளுகியிருக்கிறேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துப்போய்க் கதவைத் தாழிட்டபோது, நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அடி விழவில்லை. கண்ணைத் திறந்தால், அம்மா தரையில் உட்கார்ந்து என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்திருந்தாள். பாதமெல்லாம் தொட்டால்சிணுங்கி முள். விளக்கைப் பக்கத்தில் இழுத்து, ஊக்கின் முனையால் ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினாள். ஊக்கு முள்ளைவிட்டு விலகி விலகிப் போனது. பிறகு ஊக்கைக் கீழே போட்டுவிட்டு, குனிந்து, என் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கன்னம் நனைந்திருந்தது.

முள் மிகவும் ஆழமாக இறங்கிவிட்டது, அம்மாவால் எடுக்க முடியவில்லை, அதற்குத்தான் அழுகிறாள் என்று எனக்குப் பயமாகப் போயிற்று. இனிமேல் நடக்க முடியாதோ, பள்ளிக்கூடம் எப்படிப் போவது?

"வலிக்கலேம்மா" என்று அவளைத் தேற்றினேன். "நெசமாவே வலிக்கலே."